கேட்டுப் பிறக்கவில்லை, சரி. எடுக்கும் முடிவாவது நம்முடையதா?

"என்னைக் கேட்டா பெத்தீங்க?" வீட்டில் வாக்குவாதம் முற்றி, வேறு எந்த நியாயமும் கைவசம் இல்லாதபோது பிள்ளைகள் வீசும் கேள்வி இது. பெற்றவர்கள் வாயடைத்துப் போவார்கள். 2019-இல் மும்பையைச் சேர்ந்த 27 வயது இளைஞர் ஒருவர் ஒரு படி மேலே போய், தன் சம்மதமில்லாமல் தன்னைப் பெற்றதற்காகப் பெற்றோர் மீது வழக்குப் போடப்போவதாக அறிவித்தார். அவருடைய அப்பா, அம்மா இருவருமே வழக்கறிஞர்கள். பிறக்கும் முன்பே சம்மதம் கேட்க என்ன வழி இருந்தது என்று அறிவுக்குப் பொருந்தும்படி விளக்கினால் தன் தவறை ஏற்றுக்கொள்வதாக அம்மா சொன்னார்.

செய்தியைப் படித்துப் பலர் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கேள்வியை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். பிறப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை. என் மரபணுக்கள், பெற்றோர், ஊர், பேச்சு, வீட்டில் இருந்த பணம், படித்த பள்ளி என எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. இவையெல்லாம் சேர்ந்துதான் என் மூளையை உருவாக்கின. அந்த மூளைதான் இன்று முடிவு எடுக்கிறது. அப்படியானால் அந்த முடிவு எப்படி என்னுடையதாகும்? தத்துவப் பேராசிரியர் கேலன் ஸ்ட்ராசன் இதையே கறாரான வாதமாக வைக்கிறார். நான் செய்வதற்கு நானே முழுப் பொறுப்பு என்றால், நான் இப்படிப்பட்டவனாக இருப்பதற்கும் நானே பொறுப்பாக இருக்க வேண்டும். அதற்கு என்னை நானே படைத்திருக்க வேண்டும். அது எவராலும் ஆகாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபர்ட் சபோல்ஸ்கி உயிரியல் வழியாக நடந்து ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்.

இந்த வாதத்தை லேசில் தள்ளிவிட முடியாது. 1944-இன் கடைசியில் ஜெர்மானியப் படை நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகும் வழிகளை அடைத்தது. கால்வாய்கள் உறைந்து போயின. ஆளுக்கு நாளொன்றுக்கு 1000 கலோரிகூடக் கிடைக்காத நிலை, 1945 மே மாதம் விடுதலை கிடைக்கும் வரை நீடித்தது. அந்தப் பஞ்சத்தில் கருவானவர்களை சுமார் 60 ஆண்டு கழித்து ஆராய்ந்தார்கள். வளர்ச்சியோடு தொடர்புள்ள ஐ.ஜி.எஃப்.2 என்ற மரபணுவின் மீது இருக்கும், அது எவ்வளவு வேலை செய்யும் என்பதைப் பாதிக்கும் வேதிக் குறிகள், பஞ்சத்துக்கு வெளியே கருவான அவர்களுடைய சொந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளைவிட இவர்களுக்குக் குறைவாக இருந்தன. மனச்சிதைவு நோயும் இவர்களிடையே கூடுதலாகவே காணப்பட்டது. கண் திறப்பதற்கு முன்பே, யாரோ போட்ட முற்றுகை ஒருவருடைய உடம்புக்குள் எழுதப்பட்டுவிட்டது. தலையெழுத்து என்று நம் வீடுகளில் சொல்வது இதற்கு அப்படியே பொருந்துகிறது.

மன உறுதியாவது நம் கையில் இருக்கிறதா? நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73-இல் பிறந்த ஏறத்தாழ 1000 குழந்தைகளை இன்றுவரை பின்தொடர்ந்து வருகிறார்கள். 3 வயது முதல் 11 வயது வரை அவர்களுடைய சுயகட்டுப்பாட்டை அளந்து வைத்தார்கள். குழந்தையாக இருந்தபோது அது குறைவாக இருந்தவர்களுக்கு, 32 வயதில் உடல்நலக் கோளாறு, கடன் தொல்லை, குற்ற வழக்கு எல்லாமே சராசரியாக அதிகம். 3 வயதுக் குழந்தை தன் பொறுமையின் அளவைத் தானே தீர்மானித்துக்கொண்டா வந்தது? அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் சுயகட்டுப்பாடு மேம்பட்டவர்களின் வாழ்க்கை, சின்ன வயது அளவை வைத்து எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. அந்த அளவு கல்லில் வெட்டியதல்ல.

இதெல்லாம் முடிவுக்குப் பல ஆண்டு முந்தைய கதை. முடிவு எடுக்கும் அந்த நொடியில் என்ன நடக்கிறது என்று பார்த்ததுதான் இந்த விவாதத்தில் அதிகம் பேசப்பட்ட சோதனை. அதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலரும் அதைப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

1964-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் கோர்ன்ஹூபர், டீக்கே என்ற இருவர், ஒருவர் தானாக விரலை அசைப்பதற்குச் சற்று முன்பே உச்சந்தலைப் பகுதியில் ஒரு மெல்லிய மின்மாற்றம் படிப்படியாகக் கூடுவதைக் கண்டார்கள். அதற்குத் தயார்நிலை மின்னழுத்தம் என்று பெயர். இதை எடுத்துக்கொண்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் பெஞ்சமின் லிபெட் என்ற மூளை ஆய்வாளர் செய்த சோதனை 1983-இல் வெளியானது.

ஒருவரை உட்காரவைத்துத் தலையில் மின்முனைகளைப் பொருத்தினார் லிபெட். எதிரே கடிகாரம் போன்ற ஒரு வட்டத்தில் ஒளிப்புள்ளி ஒன்று 2.56 விநாடிக்கு ஒரு சுற்று சுற்றிக்கொண்டிருக்கும். செய்ய வேண்டியது ஒன்றுதான். எப்போது தோன்றுகிறதோ அப்போது மணிக்கட்டை மடக்க வேண்டும். முன்கூட்டித் திட்டமிடக் கூடாது. மடக்க வேண்டும் என்ற எண்ணம் மனதில் எழுந்த கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று பிறகு சொல்ல வேண்டும். 40 தடவை செய்யவைத்து மின்பதிவுகளின் சராசரியை எடுத்தார்கள். மின்மாற்றம் அசைவுக்கு சுமார் 550 மில்லிவிநாடி முன்பே தொடங்கியிருந்தது. 'மடக்கலாம்' என்ற எண்ணம் வந்ததாக அவர்கள் சொன்னது அசைவுக்கு சுமார் 200 மில்லிவிநாடி முன்பு. அதாவது மனம் முடிவெடுத்ததாக நினைப்பதற்கு மூன்றில் ஒரு பங்கு விநாடிக்கு முன்னாலேயே மூளை கிளம்பிவிட்டது.

'மூளை முடிவெடுக்கிறது, உங்களுக்குத் தகவல் பிறகுதான் வருகிறது' என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. லிபெட் அந்த அளவுக்குப் போகவில்லை. எண்ணம் எழுந்த பிறகும் அதை நிறுத்திவிட நேரம் மிச்சம் இருக்கிறது என்பது அவர் வாதம்.

பிரச்சினை சராசரி எடுத்த முறையில் இருந்தது. இது தெரியவர கிட்டத்தட்ட 30 ஆண்டு ஆயிற்று. 2012-இல் பிரான்ஸில் ஆரன் ஷர்கரும் உடன் ஆய்வாளர்களும் ஒன்றைக் கவனித்தார்கள். லிபெட் வகைச் சோதனைகளில் கை அசைந்த கணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிப் போய் சராசரி எடுக்கிறார்கள். மின்மாற்றம் ஏறி, அசைவு நடக்காமல் போன கணங்கள் கணக்கிலேயே வருவதில்லை. மெரினாவில் கரையோரம் நின்றுகொண்டு, காலை நனைத்த அலைகளை மட்டும் குறித்துவைத்து, ஒவ்வொன்றுக்கும் முந்தைய சில விநாடிகளைப் பார்த்தால், கடல் எப்போதும் நம்மை நோக்கியே ஏறிவந்தது போலத் தோன்றும். பாதியில் திரும்பிப் போன அலைகளைத்தான் நாம் குறிக்கவே இல்லையே.

மூளையின் மின்செயல்பாடு சும்மா இருக்கும்போதும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் அசைக்கலாம், காரணம் எதுவும் தேவையில்லை என்று சொல்லிவிட்டால், அந்த ஏற்ற இறக்கம் தற்செயலாக ஒரு எல்லையைத் தொடும் நேரத்தில் கை அசைந்துவிடும் என்பது ஷர்கர் குழுவின் விளக்கம். இதைச் சோதிக்க அவர்கள் இடையிடையே ஒரு ஒலியை எழுப்பி, கேட்டதும் உடனே பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ஒலி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் மிக வேகமாக அழுத்திய தடவைகளில், ஒலிக்கு முன்பே மின்மாற்றம் அதே திசையில் நகர்ந்திருந்தது. எடுத்து முடித்த முடிவு அங்கே எதுவும் இல்லை. எல்லைக்கு அருகில் மிதந்துகொண்டிருந்த மூளைதான் இருந்தது.

சரி, மணிக்கட்டை எப்போது மடக்குவது என்பதும் ஒரு முடிவா? எனக்கு இந்தச் சோதனைகள் மீது எப்போதும் உள்ள மனக்குறை இதுதான். யாரைத் திருமணம் செய்வது, பொய் சாட்சி சொல்வதா வேண்டாமா, அப்பாவின் வைத்தியத்துக்கு வீட்டை விற்கலாமா என்று நாம் தூக்கம் கெட்டு யோசிக்கும் விஷயங்களுக்கும் காரணமே இல்லாத விரலசைவுக்கும் என்ன சம்பந்தம்? இதை நேரடியாகவே சோதித்தது 2019-இல் யூரி மாவோஸ் குழு. இரண்டு தொண்டு நிறுவனங்களைக் காட்டி, எதற்கு 1000 டாலர் நன்கொடை போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சில சுற்றுகளில் தேர்வுக்கு உண்மையான விளைவு இருந்தது. மற்ற சுற்றுகளில் எதை அழுத்தினாலும் இரண்டுக்கும் சமமாகப் பணம் போகும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். எதை அழுத்தினாலும் ஒன்றுதான் என்ற சுற்றுகளில் அந்தப் பழைய மின்மாற்றம் அப்படியே வந்தது. உண்மையில் பணம் கைமாறும் சுற்றுகளில் அது காணாமலே போய்விட்டது எனலாம். லிபெட் அளந்த குறி, நாம் அக்கறையோடு எடுக்கும் முடிவுகளைப் பற்றிப் பெரிதாக எதையும் சொல்லவில்லை.

நிறுத்தும் ஆற்றலைப் பற்றி லிபெட் சொன்னதற்கு பெர்லினில் பதில் கிடைத்தது. 2016-இல் வெளியான அந்த ஆய்வில் மனிதருக்கும் கணினிக்கும் போட்டி வைத்தார்கள். பச்சை விளக்கு எரியும்போது காலால் பெடலை மிதித்துவிட்டால் மனிதருக்கு வெற்றி. சிவப்பு வந்தபின் மிதித்தால் தோல்வி. கணினி அவருடைய மூளை மின்பதிவைப் பார்த்து, மிதிக்கப்போகிறார் என்று கணித்ததுமே சிவப்பைப் போட்டுவிடும். அப்படியும் பலமுறை அவர்களால் காலை நிறுத்த முடிந்தது. அசைவுக்கு சுமார் 200 மில்லிவிநாடி முன்பு வரை வாசல் திறந்திருக்கிறது, அதற்குப் பின் மூடிவிடுகிறது.

அந்த நிறுத்தும் ஆற்றலும் மூளையின் வேலைதான். காரணமே இல்லாமல் வானத்திலிருந்து இறங்கிவரும் ஒரு சுதந்திரத்தை எந்தச் சோதனையும் காட்டவில்லை, காட்டப்போவதும் இல்லை என்றே நினைக்கிறேன். அந்த அர்த்தத்தில் ஸ்ட்ராசன் சொல்வது சரி. ஆனால் நமக்குத் தேவைப்படும் சுதந்திரம் அதுவல்ல. காரணங்களை எடைபோடுவது, நாளையை நினைத்து இன்றைய ஆசையை ஒத்திவைப்பது, தப்பு என்று தெரிந்தால் பாதியில் திரும்புவது ஆகியவை மூளைக்கு உண்டான திறன்கள். எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை, ஒருவருக்கே எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை. சட்டத்துக்கு இது பழைய செய்தி. 7 வயதுக்குட்பட்ட குழந்தை செய்வதை இந்தியச் சட்டம் குற்றமாகவே எடுத்துக்கொள்வதில்லை. 7-லிருந்து 12 வரை அந்தக் குழந்தைக்குப் போதிய முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்கிறது.

இந்தத் திறன் எவ்வளவு பௌதிகமானது என்பதை மருத்துவமனைகளில்தான் அருகில் பார்க்க முடியும். பார்க்கின்சன் நோயில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிகின்றன. கை நடுங்குகிறது, நடை தளர்கிறது. டோபமைனைப் போலவே வேலை செய்யும் பிராமிபெக்சோல் போன்ற மாத்திரைகளைக் கொடுத்தால் உடல் தேறுகிறது. ஆனால் அதே மாத்திரை, வெகுமதியை எதிர்பார்த்து ஏங்கும் மூளைப் பாதைகளையும் முடுக்குகிறது. வாழ்நாளில் சீட்டைத் தொடாதவர் சூதாட்டத்தில் இறங்குகிறார். சிக்கனமாக இருந்தவர் கண்டதையும் வாங்கிக் குவிக்கிறார். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் 3090 நோயாளிகளைப் பார்த்தபோது, இந்த வகை மருந்து எடுத்தவர்களில் 17 சதவீதம் பேரிடம் இப்படி அடக்க முடியாத பழக்கங்கள் இருந்தன. எடுக்காதவர்களில் 7 சதவீதம். அவர்களைக் கட்டிப்போட்டு யாரும் சூதாடவைக்கவில்லை. ஆசை உள்ளிருந்துதான் வந்தது, சொந்த ஆசையாகவே தோன்றியது. மருந்தைக் குறைத்ததும் பலருக்கு அது வடிந்துவிட்டது.

நம் விருப்பம் வெறும் வேதியியல்தான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம் என்று தோன்றலாம். ஆனால் இந்தப் பக்கவிளைவு தெரிந்த பிறகு மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். மாத்திரை எழுதித் தரும்போதே நோயாளியிடமும் வீட்டாரிடமும் இதைச் சொல்லிவைக்க வேண்டும் என்பது இப்போது நடைமுறை. அடுத்தடுத்த சந்திப்புகளில் பணம் எப்படிச் செலவாகிறது என்றும் விசாரிக்கிறார்கள். விஷயம் தெரிந்த நோயாளி, மனம் தெளிவாக இருக்கும்போதே வங்கி அட்டையை மனைவியிடமோ மகளிடமோ கொடுத்துவிட்டு, கேட்டாலும் தராதே என்று சொல்லிவைக்க முடிகிறது. நோய், மாத்திரை, மூளை என எதையுமே அவர் தேர்ந்தெடுக்கவில்லை. வரப்போகும் ஆசையை முன்கூட்டியே தெரிந்துகொண்டதும் அவர் மூளைக்குள் ஒரு காரணமாகச் சேர்கிறது, அடுத்த மாதம் அவர் என்ன செய்வார் என்பதை அதுவும் சேர்ந்து தீர்மானிக்கிறது.