டெல்டாவுக்கு அடியில் புதைந்த மலை

தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், ஜல்லி உள்ளூரில் கிடைக்காது. புதுக்கோட்டை, பெரம்பலூர்ப் பக்கத்துக் குவாரிகளில் இருந்து லாரியில்தான் வர வேண்டும். டெல்டாவில் போர் போட்டால் வண்டல், களி, மணல், திரும்பவும் களி என்றுதான் வந்துகொண்டிருக்கும். மேற்கே திருச்சிக்குப் போனால் ஊருக்கு நடுவிலேயே மலைக்கோட்டை நிற்கிறது. 1010இல் எழும்பிய தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கல் முழுவதும் அந்த மேற்குப் பாறை நிலத்திலிருந்துதான் வந்திருக்க முடியும்.

அப்படியென்றால் தஞ்சாவூரை எட்டுவதற்குள் அந்தப் பாறை எங்கே போனது? எங்கேயும் போகவில்லை, கீழே இறங்கிவிட்டது. டெல்டாவின் சில இடங்களில் அது 5 கிலோமீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அது சாதாரணப் பாறையும் அல்ல. ஒரு காலத்தில் உயர்ந்து நின்ற பெரிய மலைத்தொடரின் அடிவேர் அது.

தென்னிந்தியக் குவாரிகளில் அதிகம் வெட்டப்படும் பாறைகளில் ஒன்று சார்னோக்கைட். புதிதாக உடைத்த துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். கரும்பச்சை கலந்த சாம்பல் நிறம், எண்ணெய் தடவினாற்போல் ஒரு மினுமினுப்பு, சில துண்டுகளில் செம்மணி போன்ற கார்னெட் பொடிக்கற்கள். இந்தக் கனிமங்கள் இப்படிச் சேர்ந்து உருவாக 800 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பமும், 25 முதல் 30 கிலோமீட்டர் பாறையின் கனமும் வேண்டும். கார்னெட்டிலும் அதை ஒட்டிய கனிமங்களிலும் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் அந்த ஆழத்தையும் சூட்டையும் கணக்குப் போட்டுவிடலாம். வீட்டு அஸ்திவாரத்தில் கொட்டும் ஜல்லி அவ்வளவு ஆழத்தில் வெந்து வந்தது என்பது எனக்கு இன்றும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

அவ்வளவு ஆழத்துக்குப் பாறை எப்படிப் போனது? இரண்டு கண்டங்கள் மோதினால் போகும். நடுவில் இருக்கும் கடலின் தரை, ஒரு கண்டத்தின் விளிம்புக்கு அடியில் சரிந்து பூமிக்குள் போகிறது. கடல் முழுதும் விழுங்கப்பட்டதும் இரண்டு கண்டங்களும் ஒன்றோடொன்று முட்டி நெரிந்து, 35 கிலோமீட்டர் தடிமனான மேலோடு 70 கிலோமீட்டராகிவிடுகிறது. இமயமலைக்கும் திபெத்துக்கும் அடியில் இன்று இருப்பது இதுதான். வெளியில் தெரியும் சிகரத்தைப் போலப் பல மடங்கு வேர் கீழே தொங்குகிறது.

அப்புறம் மழையும் ஆறும் வேலையைத் தொடங்குகின்றன. மலையின் தலையில் 1 கிலோமீட்டர் கரைந்தால், அடியிலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் எழும்பி வருகிறது. மூட்டைகளை இறக்க இறக்கப் பரிசல் தண்ணீரில் மேலே வருவது மாதிரி. கோடிக்கணக்கான ஆண்டுகள் இப்படியே போனால் சிகரம் எதுவும் மிஞ்சாது. வேர் மட்டும் தரைக்கு வந்து நிற்கும். மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல் என்று நாம் பார்க்கும் பாறை நிலமெல்லாம் அப்படி வெளியே வந்தவைதான்.

மோதல் எப்போது நடந்தது? இதற்கு விடை சிர்க்கான் என்ற மணல் அளவுக் கனிமத்தில் இருக்கிறது. சிர்க்கான் வளரும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைச் சேர்க்காது. யுரேனியம் 238இல் பாதி ஈயமாக மாற 447 கோடி ஆண்டுகள் ஆகும். ஆக, மணிக்குள் ஈயம் இருந்தால் அது அங்கேயே பிறந்ததுதான், அதை அளந்தால் வயது வந்துவிடும். மதுரை வட்டாரப் பாறைகளின் சிர்க்கான்கள் திரும்பத் திரும்பக் காட்டும் வயது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள். இலங்கையின் நடுமலைப் பாறைகளும், கிழக்கு அண்டார்டிகாவின் கரையோரப் பாறைகளும் அதே வயதைச் சொல்கின்றன. கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒட்டிச் சேர்ந்த காலம் அது. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் ஒரே நிலமாக இருந்தன.

அந்த மோதலின் தழும்பு பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரியை ஒட்டிக் கிழக்கே ஓடுகிறது என்பது பல புவியியலாளர்களின் கருத்து. முசிறிக்கு அருகே மணமேட்டில் கிடைக்கும் கரும்பாறைகளை, நசுங்கிப்போன பழைய கடல்தரையின் மிச்சம் என்று அவர்கள் வாசிக்கிறார்கள். கண்டங்கள் அங்கே ஒட்டியது அதற்கு வெகு முன்பு, 250 கோடி ஆண்டுகளை ஒட்டி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். வாதம் இன்னும் முடியவில்லை. ஒரே இடத்தில் இரண்டு முறை மலை எழுந்திருந்தால் இரு தரப்பின் சான்றுகளும் பொருந்தும், எனக்கு அதுவே இயல்பாகத் தோன்றுகிறது.

சரி, ஒட்டிய கண்டம் மறுபடி எப்படிக் கிழிந்தது? சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகா இந்தியாவின் கிழக்குக் கரையை விட்டு விலகத் தொடங்கியது. மேலோடு இழுபட்டு மெலிந்து, நீளநீளமான பிளவுகள் விழுந்தன. பிளவுகளுக்கு இடையே சில பட்டைகள் தாழ்ந்தன, சில அப்படியே நின்றன. அந்தப் பிளவுகள் பெரும்பாலும் வடகிழக்கு–தென்மேற்காக ஓடுகின்றன. கிழக்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளின் பழைய மடிப்புகளும் அதே போக்கில்தான் இருக்கின்றன. மலை எழுந்தபோது நசுங்கி வரிவரியாக உருமாறிய பாறை, பிறகு இழுபடும்போது அந்த வரிகளிலேயே விட்டுக்கொடுத்தது. மூடிய கடல் மறுபடி பழைய இடத்தை ஒட்டியே திறக்குமா என்று 1966இல் கனடாவின் புவி இயற்பியலாளர் டூஸோ வில்சன் அட்லாண்டிக் கடலை வைத்துக் கேட்டார். நம் கரையும் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

வயலில் குழி போட்டு வெடி வைத்து, அதிர்வு அலை திரும்பி வரும் நேரத்தை அளக்கும் வேலையை டெல்டாக்காரர்கள் பலர் நேரிலேயே பார்த்திருப்பார்கள். அந்த அளவீடுகளும் எண்ணெய்க் கிணறுகளும்தான் தரைக்கு அடியில் உள்ள மேடுபள்ளங்களைக் காட்டிக் கொடுத்தன. கும்பகோணம்–மாதானம் மேடு, பட்டுக்கோட்டை–மன்னார்குடி மேடு, காரைக்கால் மேடு. மேலே பார்த்தால் எல்லாம் ஒரே சமதள நெல் வயல். கீழே ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் அவற்றைப் பிரிக்கும் முகடுகளும். எண்ணெய் பெரும்பாலும் பள்ளங்களை நிரப்பிய படிவுகளில்தான் இருக்கிறது, நரிமணத்தில் கிடைத்ததும் அப்படித்தான். ஆனால் சீர்காழிப் பக்கம் மாதானத்தில் அந்த ஆதிப் பாறையின் வெடிப்புகளுக்குள்ளேயே எண்ணெய் ஏறி நிற்கிறது. வேறெங்கோ சமைந்த எண்ணெய் மலைவேருக்குள் குடியேறியிருக்கிறது.

கிழிந்த பள்ளத்துக்குள் கடல் வந்தது. அதன் கரையோரம் இன்று பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வெளியில் தெரிகிறது. காரை கிராமத்துச் செம்பழுப்புக் களிமேடுகளில் நடந்தால், ஜிப்சத் தகடுகள் வெயிலில் கண்ணாடிச் சில்லாக மின்னும். துப்பாக்கிக் குண்டு வடிவில் பெலெம்னைட்டுகள் காலில் தட்டும். கணவாய் மீனின் தூரத்து உறவான உயிர்களின் உள்ஓடு அவை. சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. கரையிலிருந்து அடித்துவரப்பட்டு அந்தக் கடலில் மூழ்கிய மரம்.

இன்றைய காவிரி இந்தக் கதையில் மிகவும் பிந்தி வந்தது. நாம் உழும் வண்டல், கிலோமீட்டர் கணக்கான படிவுகளின் மேல் போர்த்திய மெல்லிய மேல்தோல் மட்டுமே.

இழுபட்ட விளிம்பு ஆறி அடங்கி வெகு காலமாகிவிட்டது. அதனால்தான் நாகப்பட்டினக் கரையில் எரிமலையும் இல்லை, பெரிய பூகம்பமும் இல்லை. ஆனால் வங்கக் கடலுக்கு அந்தப் பக்கம், சுமத்ரா–அந்தமான் வரிசையில், இந்தியத் தட்டின் கடல்தரை மறுபடி பூமிக்குள் சரிந்துகொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று அங்கே சிக்கியிருந்த தட்டு நழுவி 9.1 அளவு பூகம்பம் வந்தது. அந்த அலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கொண்டுபோனது. கோண்டுவானா உடைந்து திறந்த கடல், அங்கே கிழக்கு ஓரத்திலிருந்து மூடத் தொடங்கியிருக்கிறது.