நல்ல பப்பின் அடையாளம் நிலவறையில் இருக்கிறது

இங்கிலாந்தில் பப்புகளின் நிலவறைகளைப் பரிசோதிப்பதும், அங்கே வேலை செய்பவர்களுக்கு பீர் பராமரிப்பில் பயிற்சி கொடுப்பதும் என் தொழில். படிப்புக்கும் வேலைக்கும் இங்கே வந்திருக்கும் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "நல்ல பாரம்பரியமான பப் எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்றுதான். ஆபீஸ் முடிந்ததும் மொத்தக் குழுவும் பப்புக்குக் கிளம்புகிறது. குடிக்காதவர்களும் கூடப் போக வேண்டியிருக்கிறது. போகிற இடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது.

பெரும்பாலோர் முதலில் பார்ப்பது கூரையின் கருத்த உத்தரங்களையும், கணப்பையும், பளபளக்கும் பித்தளைக் கைப்பிடிகளையும்தான். எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் அவற்றையெல்லாம் காசு கொடுத்தால் வாங்கி மாட்டிவிடலாம். நான் முதலில் இறங்கிப் பார்ப்பது கீழே உள்ள நிலவறையை. ஒரு பப்பை நடத்துபவருக்குத் தன் வேலைமேல் எவ்வளவு அக்கறை என்பதை அந்த அறை காட்டிக்கொடுத்துவிடும்.

காரணம் அங்கே இருக்கும் பீர்தான். பாரம்பரிய ஆங்கிலேய பப்பின் உயிர்நாடியான 'காஸ்க் ஏல்' மதுவாலையில் முடிந்துபோன சரக்கு இல்லை. வடிகட்டாமல், சூடேற்றிக் கிருமி நீக்காமல், ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாயில் அடைத்து அனுப்புகிறார்கள். மீதிப் புளிப்பு பப்பின் நிலவறையில்தான் நடக்கிறது. நம் வீட்டு இட்லி மாவைப் போலத்தான்: குளிர் கூடினால் அசையாது, வெக்கை கூடினால் பொங்கிக் கெட்டுவிடும். அதனால் நிலவறை 11 முதல் 13 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். கோடையிலும் பனிக்காலத்திலும் இதில் மாற்றம் கிடையாது. ஆங்கிலேயர்கள் வெதுவெதுப்பாக பீர் குடிக்கிறார்கள் என்று ஊரில் சொல்வார்கள். வெதுவெதுப்பாக வந்தால் அந்த நிலவறையில் கோளாறு என்றே அர்த்தம்.

பீப்பாய் வந்து இறங்கியதும் அதைத் தாங்கியில் படுக்கவைத்து, ஆடாமல் ஆப்பு கொடுக்க வேண்டும். பிறகு மேலே உள்ள அடைப்பின் நடுவில் நுண்துளைகள் உள்ள மெல்லிய மரமுளை ஒன்றை அடித்து இறக்குவார்கள். உள்ளே அடைபட்டிருக்கும் வாயு அதன் வழியாக நுரை நுரையாகச் சீறிக்கொண்டு வரும். அந்த நுரையைத் துணியால் துடைத்துவிட்டுக் கவனிக்க வேண்டும். துடைத்த உடனேயே மறுபடி பொங்கினால் பீர் இன்னும் அடங்கவில்லை. சில விநாடிகள் கழித்து ஒரு சின்னக் குமிழ் எழுந்தால் பதம் வந்துவிட்டது. மெல்லிய முளையை எடுத்துவிட்டு வாயு புகாத கெட்டி முளையைப் போடலாம். இதற்கு மீட்டர் எதுவும் கிடையாது. கண்ணும் பழக்கமும்தான். பிறகு ஈஸ்ட் அடியில் படிந்து பீர் தெளிய ஒரு நாளோ இரண்டு நாளோ காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பில் அவசரப்படுகிற பப்பில் கலங்கலும் கசப்பும்தான் கிடைக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஈஸ்டை விரைவாக அடியில் படியவைப்பதற்கு, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் என்ற பொருளைப் பல மதுவாலைகள் நெடுங்காலமாகச் சேர்த்து வருகின்றன. அது சேர்க்காத பீர்களும் இப்போது நிறைய வருகின்றன. அவை சற்று மங்கலாக இருந்தால் அது குறையாகாது. கவுண்டரில் கேட்டுவிடுங்கள். நல்ல பப்பில் இதற்கு உடனே பதில் வரும், தெரியாவிட்டால் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள்.

பீப்பாயைத் திறந்து ஊற்ற ஆரம்பித்த பிறகு காலம் மிகக் குறைவு. பீர் இறங்க இறங்க உள்ளே காற்று புகுகிறது, காற்றில் உள்ள ஆக்சிஜன் பீரைக் கெடுக்கிறது. 3 நாளுக்குள் விற்றாக வேண்டும் என்பது தொழில் விதி. இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 'ஃபர்க்கின்' என்னும் வழக்கமான பீப்பாய் 9 காலன், அதாவது 72 பைண்ட் (பப்பில் தரும் ஒரு முழுக் கிளாஸ்தான் ஒரு பைண்ட்). 3 நாளில் அது காலியாக வேண்டுமானால் நிலவறைப் பீப்பாயிலிருந்து பீரை மேலே இழுக்கும் ஒரு கைப்பம்பில் நாளுக்குச் சுமார் 24 பைண்ட் விற்க வேண்டும். 6 கைப்பம்பு வைத்திருக்கும் பப்பில் நாளுக்கு 144 பைண்ட் காஸ்க் ஏல் மட்டுமே ஓடியாக வேண்டும். செவ்வாய்க்கிழமை மாலை நாலு பேர் உட்கார்ந்திருக்கும் பப்பில் கவுண்டர் நெடுக 6 கைப்பம்பு நின்றால் எனக்குக் கவலைதான் வரும். யார்க்ஷையரில் ஒரு கிராமத்து பப்பை நடத்தும் அம்மாள் ஒருவர், என் ஆலோசனைக்கு முன்பே, ஆறாக இருந்ததைத் தாமாகவே மூன்றாகக் குறைத்திருந்தார். "மூணு போதும், ஆனா மூணும் சரியா இருக்கணும்" என்றார். அவரிடம் நான் சொல்லிக்கொடுக்க அதிகம் இல்லை.

நிலவறைக்குள் போய்ப் பார்க்க உங்களால் முடியாது. ஆனால் கிளாஸைப் பார்த்தே பலவற்றைச் சொல்லிவிடலாம். குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாகக் கிளாஸின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டே இறங்கினால் கிளாஸ் சுத்தமாகக் கழுவப்பட்டிருக்கிறது. பக்கச் சுவரில் குமிழ்கள் கொத்தாக ஒட்டி நின்றால் எண்ணெய்ப் பசையோ அழுக்கோ இருக்கிறது. மூக்கருகே கொண்டுபோகும்போது வினிகர் வாடை வந்தால் பீப்பாய் பழையது. வெண்ணெய் போன்ற வாடை வந்தால் மதுவாலையில் புளிப்பு சரியாக முடியாமல் இருந்திருக்கலாம், பீர் குழாய்களை ஒழுங்காகக் கழுவாமலும் விட்டிருக்கலாம். அந்தக் குழாய்களை 7 நாளுக்கு ஒரு முறை கழுவியாக வேண்டும். கழுவும்போது உள்ளே நிற்கும் பீர் வீணாகிறதே என்று பார்த்து, இரண்டு வாரம், மூன்று வாரம் எனத் தள்ளிப்போடும் இடங்கள் இருக்கின்றன.

பீர் கெட்டிருந்தால் திருப்பிக் கொடுங்கள். நம்மவர்கள் இதற்குத் தயங்குகிறார்கள். "இது சரியில்லைன்னு நினைக்கிறேன், பார்க்கிறீங்களா?" என்று பணிவாகக் கேட்டால் போதும். நல்ல பப்பில் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார்கள். அந்தப் பீப்பாயையும் போய்ப் பார்ப்பார்கள். நுரை அதிகமாகி அளவு குறைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லியும் கேட்கலாம், அது வழக்கத்தில் உள்ளதுதான்.

நிலவறையைப் பற்றிப் பேசும்போது, பகுதி நேரமாக பப்பில் வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கு நான் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அங்கே சிலிண்டர்களில் கார்பன் டை ஆக்சைடு இருக்கும். காற்றைவிடக் கனமான அந்த வாயு கசிந்தால் தரையோடு தேங்கும், நிறமும் இருக்காது. அதற்கான எச்சரிக்கைக் கருவி எங்கே இருக்கிறது, வேலை செய்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். அது அலறினால் உள்ளே போகாதீர்கள். யாராவது கீழே மயங்கிக் கிடப்பதைப் பார்த்தால் ஓடிப்போய்த் தூக்கத்தான் மனம் சொல்லும். அப்படி இறங்கியவரும் விழுந்துவிடுவார். கதவைத் திறந்துவிட்டு, வெளியே நின்று 999-ஐ அழையுங்கள். குழாய் கழுவும் திரவமும் தோலையும் கண்ணையும் எரித்துவிடும் காரம் கொண்டது. கையுறையும் கண்ணாடியும் தராமல் "சும்மா ஊத்து, ஒண்ணும் ஆகாது" என்று எந்த மேலாளர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

இனி மேலே வருவோம். விக்டோரியா காலத்து பப்புகளைச் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்திருந்தார்கள். உழைப்பாளிகளுக்கு ஒன்று, வசதியானவர்களுக்கு ஒன்று, ஒதுங்கி உட்கார விரும்புகிறவர்களுக்கு 'ஸ்னக்' என்ற குட்டி அறை. பிற்காலத்தில் வேலையாட்கள் ஒரே இடத்தில் நின்று எல்லோரையும் கவனிக்கட்டும் என்றும், இடம் விசாலமாகட்டும் என்றும் சுவர்களை இடித்துத் தள்ளினார்கள். வர்க்கப் பிரிவினை போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒருவர் தனியாக உட்கார்ந்து பேப்பர் படிக்கவும், மூன்று பேர் குரலை உயர்த்தாமல் பேசவும் இருந்த மூலைகளும் கூடவே போய்விட்டன. லிவர்பூலில் உள்ள ஃபில்ஹார்மோனிக் டைனிங் ரூம்ஸ், பெல்ஃபாஸ்டில் உள்ள கிரவுன் லிக்கர் சலூன் இரண்டிலும் பழைய அமைப்பு பெருமளவு தப்பிப் பிழைத்திருக்கிறது. முதலாவது 2020-இல் முதல் நிலைப் பாதுகாப்புப் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. இரண்டாவது 1978-இலிருந்து பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் வசம் இருக்கிறது. குடிக்காவிட்டாலும் ஒரு முறை போய்ப் பாருங்கள், அந்த மரவேலைக்கும் டைல்ஸ் வேலைக்குமே போகலாம்.

குடிக்காதவரை எப்படி நடத்துகிறார்கள் என்பதை வைத்தும் நான் ஒரு பப்பை எடைபோடுவேன். எலுமிச்சை சோடா கேட்டால் அதையும் சுத்தமான கிளாஸில், சிரித்த முகத்தோடு தர வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடிதண்ணீரைக் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. போதை தலைக்கேறியவருக்கு விற்பது குற்றம். அவருக்காக இன்னொருவர் வாங்கிக் கொடுப்பதும் குற்றம். ஒருவர் மாற்றி ஒருவர் குழுவுக்கே 'ரவுண்டு' வாங்கும் பழக்கத்தில் சிக்கும் நம் பிள்ளைகள் இதை மனத்தில் வைக்க வேண்டும். ஐந்து பேர் ஆளுக்கொரு ரவுண்டு வாங்கினால் ஐந்து பைண்ட் ஆகிறது. ஆண் பெண் இருவருக்குமே வாரத்துக்கு 14 யூனிட்டை (யூனிட் என்பது பானத்தில் உள்ள ஆல்கஹாலின் அளவு) தாண்ட வேண்டாம் என்பது பிரிட்டிஷ் தலைமை மருத்துவ அதிகாரிகளின் அறிவுரை. 4 சதவீத பீரில் அது சுமார் 6 பைண்ட், அதுவும் வாரம் முழுவதற்கும். உங்கள் முறை வரும்போது மற்றவர்களுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, நீங்கள் ஜூஸ் குடிக்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைக்கிற கூட்டத்தோடு போகாதீர்கள்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள் ஏன் கடையை மூட நேர்கிறது? பல பப்புகளின் கட்டடம் ஒரு பெரிய நிறுவனத்துக்குச் சொந்தம். நடத்துபவர் வாடகையும் கட்ட வேண்டும், பீரையும் அந்த நிறுவனத்திடமே, வெளிச்சந்தையைவிடக் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். கை நெருக்கடியில்தான் 3 நாள் பீர் 5 நாளாக நீள்கிறது, குழாய் கழுவுவது தள்ளிப்போகிறது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட இத்தகைய பப்புகளை வைத்திருக்கும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த 2016-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 'பப்ஸ் கோட்' வந்தது. குறிப்பிட்ட கட்டங்களில், பீர் நிபந்தனை இல்லாமல் வெறும் சந்தை வாடகை கட்டும் ஒப்பந்தத்தைக் கேட்கும் உரிமை அதில் இருக்கிறது. பப் எடுத்து நடத்த நினைக்கும் நம்மவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைத் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும்.

அடுத்த ஆபத்து நிலத்தின் விலை: பப்பை நடத்துவதைவிட இடித்துவிட்டு வேறு கட்டினால் லாபம் என்று நினைக்கிறார்கள். லண்டன் மைடா வேல் பகுதியில் இருந்த கார்ல்டன் டேவர்ன் பப்பை, பாதுகாப்புப் பட்டியலில் சேர்ப்பது பற்றிப் பரிசீலனை நடந்துகொண்டிருந்தபோதே, 2015 ஏப்ரலில் அனுமதியின்றி இடித்துத் தள்ளினார்கள். அக்கம்பக்கத்து மக்கள் விடவில்லை. இருந்தபடியே திரும்பக் கட்ட வேண்டும் என்று வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் உத்தரவிட்டது. கட்டுமான நிறுவனத்தின் மேல்முறையீடும் தோற்றது. 2021 ஏப்ரலில் அந்த பப் மீண்டும் திறந்தது. ஸ்டஃபோர்ட்ஷையரில் தரை இறங்கிச் சாய்ந்தபடியே நின்ற குரூக்கட் ஹவுஸ், விற்கப்பட்ட சில நாட்களில், 2023 ஆகஸ்ட் 5 அன்று தீப்பிடித்து, இரண்டே நாளில் இடிக்கப்பட்டது. அதையும் திரும்பக் கட்டச் சொல்லி 2024-இல் உத்தரவு போட்டார்கள். இங்கிலாந்தில் 2017 மே முதல் ஒரு பப்பை இடிக்கவோ வேறு பயன்பாட்டுக்கு மாற்றவோ திட்ட அனுமதி கட்டாயம்.

இடிந்த பிறகு போராடுவதைவிட முன்கூட்டியே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2011-இன் லோக்கலிசம் சட்டப்படி, ஒரு பப்பைச் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பதிவு செய்யக் கேட்கலாம். தென்கிழக்கு லண்டன் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ் பப்பை இப்படித்தான் பதிவு செய்து, 2013-இல் அந்தப் பகுதி மக்களே கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கினார்கள். பதிவான சொத்தை உரிமையாளர் விற்கப் போனால், வாங்க விருப்பம் தெரிவிக்க உள்ளூர்க் குழுவுக்கு 6 வாரம் கிடைக்கும். விருப்பம் தெரிவித்துவிட்டால், முதலில் அறிவித்த நாளிலிருந்து கணக்கிட்டு 6 மாதத்துக்கு விற்பனை நிற்கும். அதற்குள் பணம் திரட்ட வேண்டும்.

விண்ணப்பிக்க, பதிவு பெற்ற சங்கம் எதுவும் தேவையில்லை. வாக்காளர் பட்டியலில் உள்ள அந்தப் பகுதி மக்கள் குறைந்தது 21 பேர் குழுவாகச் சேர்ந்தால் போதும். காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், இங்கே முறையான விசாவில் வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களும் அந்தப் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம். நம்மவர் பலருக்கு இது தெரியவில்லை. பெயரைச் சேர்த்துவிட்டு, பப்பில் யார் யார் கூடுகிறார்கள், என்னென்ன நடக்கிறது என்பதை, வினாடி வினா இரவு முதல் முதியோர் மதியச் சாப்பாடு வரை, தேதியும் படமுமாகச் சேகரித்து விண்ணப்பத்தோடு கொடுங்கள். கவுன்சில் 8 வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஏற்றுக்கொண்டால் பதிவு 5 ஆண்டு நீடிக்கும். முடிவதற்கு முன்பே மறுபடி விண்ணப்பிக்க யாராவது ஒருவர் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.