காந்தள்: 'குளோரியோசா லில்லி'க்கு நம் பெயர்

பூக்கன்று விற்கும் இடத்தில் 'குளோரியோசா லில்லி' என்று கேட்டால் சட்டென்று எடுத்துத் தருவார்கள். காந்தள் என்று கேட்டால் பலருக்கும் விளங்காது. மலையகத்தில் இருந்துகொண்டு இந்தப் பெயரை நாம் மறந்திருப்பது எனக்குப் பெரிய மனக்குறை. காந்தள் குறிஞ்சித் திணைக்கே உரிய பூ. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கும்போது முதலில் வருவதே 'ஒண்செங் காந்தள்'தான்.

குளோரியோசா சூப்பர்பா என்பது 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர். 'புகழுடையது, மிகச் சிறந்தது' என்று பொருள். லில்லிக் குடும்பத்தில் இருந்த செடியைத் தாவரவியலாளர்கள் வேறு குடும்பத்துக்கு மாற்றிவிட்டதால், லில்லி என்ற ஒட்டும் இப்போது பொருந்தவில்லை.

சரி, காந்தள் எங்கிருந்து வந்தது? 'வயிறு காந்துது' என்று இன்றும் சொல்கிறோமே, அந்தக் 'காந்து'தான் வேர் என்பார்கள். காந்துதல் என்றால் எரிதல், கனலுதல். பூவைப் பார்த்தால் நம்பத் தோன்றும். ஆனால் வெண்காந்தள் என்றும் ஒன்று பாடல்களில் வருகிறது. அதனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட எனக்கு மனமில்லை.

கார்த்திகை மழையில் பூப்பதால் கார்த்திகைப் பூ. கிழங்கு கலப்பைபோல வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு. சிங்களத்தில் நியங்கலா.

வேலியோரம் ஏறும் கொடியைக் கிட்டப்போய்ப் பாருங்கள். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிப் பக்கத்துச் செடியைப் பிடித்திருக்கும். மொட்டு பச்சையாகத் தலைகீழாகத் தொங்கும். விரிந்ததும் நெளிநெளியான ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கும். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. நாலைந்து நாளில் முழுதும் சிவந்துவிடும். சூல்தண்டு பக்கவாட்டில் முறிந்ததுபோல நீட்டிக்கொண்டிருக்கும். தேனுக்கு வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் வரும்.

வீட்டில் வளர்க்கலாம், தாராளமாக. நல்ல வெயில், நீர் தேங்காத மண், ஏறுவதற்கு ஒரு கம்பு போதும். கிழங்கின் முளை நுனி ஒடிந்தால் முளைக்காது, பக்குவமாக வையுங்கள். காட்டில் தோண்டி எடுக்காமல் விதை போட்டு வளர்ப்பதே நல்லது. பூக்கச் சில வருடங்கள் பிடிக்கும், பொறுக்கத்தான் வேண்டும். பூத்து முடிந்ததும் கொடி காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள், அடுத்த மழைக்குத் திரும்ப முளைக்கும்.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: செடி முழுக்கக் கொல்ச்சிசின் என்ற நஞ்சு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். வற்றாளை என்று நினைத்து அவித்துத் தின்றால் உயிரே போய்விடும். மரவள்ளி, வற்றாளை நட்ட பாத்திப் பக்கம் இதை வைக்கவே வைக்காதீர்கள். கிழங்கைத் தொட்டால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.