கியர்பாக்ஸுக்குச் சொந்த ஊர் எது?

ராமேஸ்வரத்துக்கு ஆள் ஏற்றிவரும் இன்னோவா ஒன்றின் கியர்பாக்ஸை இறக்கிச் சாக்கில் பரப்பி வைத்திருந்தார் மண்டபத்து மெக்கானிக் ஒருவர். மண்ணெண்ணெயில் கழுவிய பேரிங்கைத் துடைத்து என் கையில் வைத்தார். விளிம்பில் பொடி எழுத்தில் ஜப்பான் என்று பொறித்திருந்தது. “அப்ப இது எந்த ஊரு சாமான்ணே?” என்றேன். “கூடு நம்ம ஊருல வார்த்தது தம்பி. உள்ள கெடக்குறது நாலு ஊருது.”

சுங்கத் துறை கேட்பதும் இதே கேள்விதான். இரண்டு நாடுகள் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் போட்டால், வரிச்சலுகை அந்த நாடுகளில் பிறந்த பொருளுக்கு மட்டுமே. நம் முண்டு மிளகாய்க்குச் சிக்கல் இல்லை, விளைந்த மண்தான் ஊர். மீன் கரையோரக் கடலில் பிடிபட்டால் அந்தக் கரையின் நாடு. ஆழ்கடல் மீனுக்குப் பொதுவாகப் படகு பதிவான நாடு. ஆயிரக்கணக்கான பாகங்கள் சேர்ந்த காருக்குத்தான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

ஆசியான் என்பது தாய்லாந்து, இந்தோனேசியா உள்ளிட்ட தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்தியா–ஆசியான் ஒப்பந்தத்தின் பொது விதி இரண்டு சோதனைகள் வைக்கிறது. ஒன்று, பொருளின் மதிப்பில் 35 சதவீதமாவது உள்ளூரில் சேர்ந்திருக்க வேண்டும். 40,000 ரூபாய் கியர்பாக்ஸில் வெளியிலிருந்து வாங்கியது 28,000 என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் மதிப்பு 30 சதவீதம்தான், தேறாது. 3,000 ரூபாய்க் கூட்டை இறக்குமதி செய்யாமல் இங்கேயே வார்த்தால் 37.5 சதவீதம். இந்தச் சோதனையில் தேறிவிடும். ஒரு வார்ப்படப் பட்டறை இங்கே எழுவதா வேண்டாமா என்பதை இந்தச் சின்னக் கழித்தல் தீர்மானித்துவிடுகிறது!

இரண்டாவது சோதனை இன்னும் கெடுபிடி. உலகச் சரக்குகளுக்கெல்லாம் ஆறு இலக்கச் சுங்க எண் உண்டு. வெளியிலிருந்து வந்த பாகத்தின் எண்ணும் செய்து முடித்த பொருளின் எண்ணும் வேறாக இருக்க வேண்டும். கியர்பாக்ஸின் எண் 8708.40. அதன் பாகங்களுக்கும் அதே எண்தான். எனவே வெளிநாட்டுப் பல்சக்கரங்களை வாங்கி இங்கே பூட்டினால் மட்டும் போதாது. எஃகுக் கம்பியாக வாங்கிப் பல் வெட்டினால் எண் மாறும்.

ஒரு சலுகையும் இருக்கிறது. ஆசியான் நாட்டில் பிறந்த பாகம் என்று சான்று இருந்தால் அது நம் வீட்டுப் பிள்ளையாகவே கணக்கில் சேரும். ஜப்பானில் செய்த பேரிங் அந்நியம், தாய்லாந்தில் முறைப்படி செய்ததோ சொந்தம். 2004இல் டொயோட்டா தொடங்கிய திட்டத்தில் டீசல் எஞ்சினைத் தாய்லாந்தும், பெட்ரோல் எஞ்சினை இந்தோனேசியாவும், கியர்பாக்ஸை பிலிப்பைன்ஸும் நம் கர்நாடகத்துப் பிடதியும் செய்தன. இப்படிப் பிரித்துச் செய்வதற்கு எல்லையில் வரி குறைவது பெரிய துணை.

வட அமெரிக்காவில் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் போட்ட 1994இன் நாஃப்டா ஒப்பந்தம் கார்களுக்கு 62.5 சதவீத உள்ளூர் மதிப்பு கேட்டது. 2020 ஜூலையில் வந்த புது ஒப்பந்தம் 75 கேட்கிறது. அதோடு மதிப்பில் 40 முதல் 45 சதவீதம், மணிக்கு 16 டாலராவது கூலி தரும் ஆலைகளிலிருந்து வர வேண்டும். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஐடிஐ முடித்து, கார் ஆலைகள் உள்ள ஒரகடத்துக்குப் பஸ் ஏறும் நம் பக்கத்துப் பிள்ளைகளை நினைத்தால், பொருளின் ஊரைக் கேட்கும் விதி செய்தவரின் கூலியையும் கேட்பது நியாயமாகத் தெரிகிறது.

ஆனால் விதி எவ்வளவு இறுகலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவில் காருக்கான சாதாரண வரி 2025 வரை 2.5 சதவீதமாகத்தான் இருந்தது. விதிக்கு உட்படும் செலவு அதைத் தாண்டினால், சான்றிதழே வேண்டாம், வரியைக் கட்டிவிடுவோம் என்று நிறுவனம் போய்விட முடிந்தது. பிக்கப் வண்டிக்கோ 1964 முதல் 25 சதவீதம். அங்கே யாரும் அப்படி விட்டுவிட முடியாது.

தனுஷ்கோடிக்கு எதிரே, ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் தலைமன்னார். 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்தியா–இலங்கை ஒப்பந்தமும் 35 சதவீதம் கேட்கிறது. இந்தியப் பாகத்தைச் சேர்த்துச் செய்தால் இலங்கையின் பங்கு 25 இருந்தாலே போதும், மீதி 10ஐ நம் பாகம் நிரப்பிவிடும்.