'சிலோன்' என்று தேடாதவருக்குக் கிடைக்காத கட்டுரைகள்

"தேயிலைக் கொப்புள நோய் பற்றி இறுதியாண்டு ஆய்வேடு எழுதுகிறேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்கொலரில் தேடினால் அண்மைக்காலக் கட்டுரைகளே வருகின்றன. தொடக்ககால ஆய்வுகளை எப்படிப் பிடிப்பது?" என்று தலவாக்கலையிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்.

மழையும் பனிமூட்டமும் விடாத நாட்களில் இளங்கொழுந்தில் எண்ணெய் பட்டதுபோல் ஒரு புள்ளி விழும். பிறகு இலையின் அடிப்புறம் வெள்ளையாகப் புடைக்கும். இந்நோயை உண்டாக்கும் பூஞ்சை இலங்கைக்கு வந்தது 1946இல். தேயிலை ஆராய்ச்சி நிலையமோ 1925இலேயே தொடங்கிவிட்டது. ஆகவே ஆய்வுகளுக்குக் குறைவில்லை, தேடும் சொல்தான் அவற்றை எட்டவில்லை.

1972 வரை ஆங்கிலத்தில் நம் நாட்டின் பெயர் 'சிலோன்'. 'ஸ்ரீலங்கா' என்று தட்டினால் அதற்கு முந்திய தலைப்புகள் பெரும்பாலும் நழுவிவிடும். இன்று 'கமேலியா சினென்சிஸ்' எனப்படும் தேயிலைச் செடி பழைய கட்டுரைகளில் 'தியா சினென்சிஸ்' என்று இருக்கும். சமூகவியல் படிப்பவர்களுக்கும் இதே பாடுதான்: இந்தியத் தமிழர், தோட்டத் தொழிலாளர், மலையகத் தமிழர் என்று ஒரே மக்களைப் பற்றிய ஆய்வுகள் பல பெயர்களில் சிதறிக் கிடக்கின்றன.

பெயர் மாறினாலும், யாருடைய ஆய்வின்மேல் நின்று எழுதுகிறோம் என்பதை ஒவ்வொருவரும் உசாத்துணைப் பட்டியலில் சொல்லியாக வேண்டும். அந்தத் தடத்தைத்தான் பிடிக்க வேண்டும். அமெரிக்க வழக்கறிஞர்கள் 1873 முதலே இப்படித் தேடினார்கள்: ஒரு தீர்ப்பைப் பின்வந்த எந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்று காட்டும் அட்டவணை அவர்களிடம் இருந்தது. அதைப் பார்த்து, அறிவியலுக்கும் அப்படியொன்று வேண்டும் என்று 1955இல் எழுதியவர் அமெரிக்கத் தகவலியலாளர் யூஜின் கார்பீல்ட். 1960களில் அதை அச்சிலும் கொண்டுவந்தார்.

முதலில் உங்கள் தலைப்புக்கு நேராகப் பொருந்தும் மூன்று முதல் ஐந்து கட்டுரைகளை எடுங்கள். ஒன்றாவது, முந்திய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் மீளாய்வுக் கட்டுரையாக இருக்கட்டும். பின்னோக்கிப் போவது எளிது, உசாத்துணைப் பட்டியலைப் படித்தாலே போதும். முன்னோக்கிப் போக, அதாவது அதைப் பின்னாளில் எடுத்தாண்ட கட்டுரைகளைப் பிடிக்க, தலைப்பை மேற்கோள்குறிக்குள் இட்டு கூகுள் ஸ்கொலரில் தேடி, அடியிலுள்ள 'சைட்டட் பை' இணைப்பை அழுத்துங்கள். முந்நூறு கட்டுரைகள் வந்து குவிந்தால், மேற்கோள் காட்டியவற்றுக்குள் மட்டும் தேடும் பெட்டியில் குறியிட்டு 'ஸ்போர்' (பூஞ்சை வித்து) என்று ஒரு சொல்லைக் கொடுங்கள். குவியல் சட்டென்று சுருங்கும். ஸ்கொலர் ஒரு தேடலுக்கு ஆயிரத்துக்குமேல் காட்டாது, அதனால் பெரிய குவியலை ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இந்த முறையின் உண்மையான அழகு பக்கவாட்டில் நகர்வதில் இருக்கிறது. ஒரு கட்டுரையின் பட்டியலில் 40 உசாத்துணைகள், இன்னொன்றில் 35, அவற்றில் ஒன்பது இரண்டுக்கும் பொது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றையொன்று குறிப்பிடாவிட்டாலும் இரண்டும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன என்று ஊகிக்கலாம். இதை 1963இல் கெஸ்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர் எடுத்துக் காட்டினார். 1973இல் ஹென்றி ஸ்மோலும், அவரை அறியாமலே சோவியத் ஒன்றியத்தில் இரினா மர்ஷகோவாவும், இதையே தலைகீழாகப் பார்த்தார்கள்: பின்னால் எழுதுவோர் எந்த இரு கட்டுரைகளைச் சேர்த்தே மேற்கோள் காட்டுகிறார்கள்? ஊரில் நடக்கும் கல்யாணங்களின் அழைப்புப் பட்டியல்களில் இரண்டு பெயர்கள் எப்போதும் சேர்ந்தே வந்தால், அந்த இருவருக்கும் ஏதோ உறவு என்று நாம் நினைப்பதில்லையா, அதுபோலத்தான்.

பொது உசாத்துணைகளால் வரும் முதல் உறவு, கட்டுரை அச்சான நாளோடு முடிந்துவிடும், பட்டியல் இனி மாறாது. சேர்த்து மேற்கோள் காட்டப்படுவதால் வரும் இரண்டாவது வளர்ந்துகொண்டே போகும். 1950இல் ஒருவர் மழைநாளில் பூஞ்சை வித்துகள் பரவுவதைப் பற்றியும், வேறொருவர் இலை ஈரம் காயும் நேரத்தைப் பற்றியும் தனித்தனியே எழுதியிருக்கலாம். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, எப்போது மருந்து தெளிப்பது என்று கணிக்க முனைந்த ஒருவர் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்தால், அன்றுதான் அவை உறவாகின்றன. எழுதியவர்களுக்கே தெரியாத உறவு அது. ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வரும் மேற்கோள்களே மிக நெருக்கமானவை, அதனால் பட்டியலோடு நிற்காமல் மேற்கோள் வரும் வரியையும் படியுங்கள்.

பொதுவான உசாத்துணை புள்ளிவிபர முறையொன்றாக இருந்தால் அந்த உறவுக்கு மதிப்பில்லை, அந்த முறையை மண் ஆய்வாளரும் மருத்துவரும்கூடக் காட்டுவார்கள். முதலெழுத்துகள் முன்பின்னாக ஏறும் நம் பெயர்களால் ஒரே கட்டுரை இரண்டு பதிவுகளாகப் பிரிந்துவிடும், அப்போது இரண்டின் 'சைட்டட் பை'யையும் பார்க்க வேண்டும். மேற்கோள் காட்டுவது ஏற்றுக்கொள்வதும் ஆகாது. தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் இணைத்த 1998ஆம் ஆண்டுக் கட்டுரை 2010இல் மீளப்பெறப்பட்டது. அதன் பிறகும் அது மேற்கோள் காட்டப்படுகிறது, பெரும்பாலும் மறுப்பதற்காக. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார்.

பழைய தேயிலை ஆய்விதழ்களில், ஒரு கட்டுரையை இணையத்தில் அடையாளம் காட்டும் நிலையான டி.ஓ.ஐ. எண் கிடையாது. தேடுபொறி அவற்றை மற்றவரின் பட்டியல்கள் வழியாகவே அறியும், கோப்பு இருக்காது. இதழின் பெயரையும் தொகுதி எண்ணையும் குறித்துக்கொண்டு தேயிலை ஆராய்ச்சி நிலையத்திலோ பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ நூலகரைக் கேளுங்கள். இவ்விதழ்களை எண்ணிமமாக்கி டி.ஓ.ஐ. வழங்கப் பணம் ஒதுக்குவது, புதிய ஆய்வுக்கு நிதி கொடுப்பதற்கு எந்தவிதத்திலும் குறைந்ததல்ல. தமிழில் வரும் ஆய்விதழ்களுக்கும் இது வேண்டும், அவற்றில் பலவற்றின் மேற்கோள்கள் எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை.

கிடைத்தவற்றை, உசாத்துணைகளைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் ஸொட்டேரோ என்ற இலவச மென்பொருளில் சேர்த்து இரட்டிப்புகளை நீக்குங்கள். புதிதாக வரும் இருபதில் பத்தொன்பது ஏற்கெனவே பார்த்ததாக இருந்தால் நிறுத்தலாம். தேடிய திகதியை எழுதிவையுங்கள். ஆய்வேட்டை ஒப்படைக்க ஒரு வாரம் இருக்கும்போது முன்னோக்கிய தேடலை மட்டும் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.