சூடான என்ஜினில் தண்ணீர் ஊற்றாதீங்க

கோடை லீவு விட்டால் மேட்டுப்பாளையம் பக்கம் இருக்கும் எங்களைப் போன்ற பட்டறைகளுக்கு ஒரே மாதிரி வண்டிகளாக வரும். ஊட்டிக்கோ கோத்தகிரிக்கோ ஏறும்போது சூடாகி, பாதி வழியில் நிறுத்தி, பானட்டைத் திறந்து என்ஜின் மேல் பக்கெட் தண்ணீரைக் கொட்டி, கடைசியில் கட்டி இழுத்து வந்த வண்டிகள். "சீக்கிரம் ஆறட்டும்னு தானுங்கண்ணா ஊத்துனோம்" என்பார்கள். ஆறும்தான், ஆனால் ஒரே சீராக ஆறாது. அங்கேதான் வினை.

இப்போதைய கார்களில் ஹெட், அதாவது என்ஜினின் மேல் பகுதி, பெரும்பாலும் அலுமினியம்; அதைத் தாங்கும் கீழ்ப் பகுதியான பிளாக் பல வண்டிகளில் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைவிட இரண்டு மடங்கு விரியும். 400 மி.மீ. நீள ஹெட்டுக்கு 100 டிகிரி சூடு ஏறினால் 0.9 மி.மீ. நீளப் பார்க்கும், பிளாக்கோ 0.45-க்குள் நின்றுவிடும். வழக்கமான ஓட்டத்தில் இதை இரண்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் தகடு சமாளித்துக்கொள்ளும். அளவு மீறிச் சூடானால் அலுமினியம் வலுவிழக்கும், போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருப்பதால் நீள வழியில்லாமல் வளைந்துவிடும். அந்த நேரம் பார்த்துக் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால், பட்ட இடம் சுருங்கும், படாத இடம் விரிந்தே நிற்கும், வால்வுகளுக்கு நடுவே விரிசலே விழலாம்.

ஹெட்டைக் கழற்றித் துடைத்து, ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்ற நேரான பட்டையைக் குறுக்கே வைத்து, அடியில் இடைவெளியை அளக்கும் மெல்லிய ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்ப்போம். பல கம்பெனிகள் விடும் இடைவெளி 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான். கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவு போதும், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலந்து, ஆயில் பால் டீ நிறத்தில் வரும்.

டேஷ்போர்டில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியதுமே ஏசியை அணைத்து ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்க, உள்ளே வெந்துபோகும், பரவாயில்லை, என்ஜின் சூட்டில் கொஞ்சம் அதன் வழியாக வெளியேறும். சிவப்பைத் தொட்டுவிட்டால் ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துங்க. சூடு ஆறும் வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 டிகிரி தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும், திறந்ததும் முகத்தில் பீறிடும். குறைந்தது அரை மணி நேரம், தொட்டால் சுடாத அளவுக்குத் தானாக ஆறட்டும். அப்புறம் ரேடியேட்டருக்குள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம்.

இன்னொன்று, நம்ம பக்கத்து போர் தண்ணீர் உப்பு. அதையே ரேடியேட்டரில் ஊற்றி வந்தால் உள்ளே உப்புப் படிந்து வழி அடைக்கும். மலைக்குக் கிளம்பும் முன் கூலன்ட் அளவு, ஹோஸ், ஃபேன் மூன்றையும் பார்த்துவிடுங்க. ஹெட் கழற்றும் நிலை வந்துவிட்டால், கேஸ்கெட்டை மட்டும் மாற்றச் சொல்லாமல், உங்கள் கண் முன்னாலேயே கேஜ் வைத்துக் காட்டச் சொல்லுங்க.