போஸ்டிங் ஆர்டர் வந்தாச்சு, ஆட்டிசக் குழந்தையோடு ஊர் மாறணும்: எது கூட வரும், எது வராது

பட்டாளத்து வீடுகளில் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கறுப்பு டிரங்குப் பெட்டிகளை எடுத்துத் துடைப்பது வழக்கம்தான். ஆனால் வீட்டில் ஆட்டிசம் உள்ள குழந்தை இருந்தால் அந்த மாற்றத்தோடு தெரபிஸ்ட், ஸ்பெஷல் எஜுகேட்டர், பழகிய வகுப்பறை, சில சமயம் பேச்சுப் பயிற்சி நடக்கிற மொழி என்று எல்லாமே ஒரே நாளில் மாறிவிடும். இதில் அரசு சட்டப்படி தருவது என்ன, அது புது ஊருக்குக் கூட வருமா என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது, அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு பிரிவினை. மத்திய அரசுச் சட்டத்தால் வருகிற உரிமைகள் எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வரும். மாநில அரசு தருவது அந்த மாநிலத்தோடு நின்றுவிடும். ராணுவம் தருவது உங்கள் சர்வீஸ் ரெக்கார்டில் குழந்தையின் நிலை பதிவாகியிருந்தால் மட்டுமே நடக்கும். இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு அலைச்சல்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஊனச் சான்றிதழும் யுடிஐடி அட்டையும், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையும்தான். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது, 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பெரும்பாலான சலுகைகளுக்குத் தகுதி. ஆட்டிசத்தின் அளவைக் கணக்கிட ஐஎஸ்ஏஏ என்ற இந்திய அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கண்ணைப் பார்த்துப் பேசுகிறானா, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறானா, வலியை எப்படி உணர்கிறான் என்கிற மாதிரிக் கேள்விகள். 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று எழுதிவிடுவார்கள். நம்மில் பலர் டாக்டர் முன்னால் குழந்தையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று 'எல்லாம் நல்லா பண்ணுவான் சார்' என்று சொல்லிவிடுகிறோம், அது வேண்டாம். நல்ல நாளில் செய்வதைச் சொல்லாமல், சாதாரண நாளில் செய்வதைச் சொல்லுங்கள்.

மிலிட்டரி ஆஸ்பத்திரியில், அதாவது எம்ஹெச்சில், சைக்கியாட்ரிஸ்ட் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட் கையில் இருந்தால் சான்றிதழ் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நோய் கண்டறிந்த ரிப்போர்ட் வேறு, சட்டப்படி அதிகாரம் பெற்ற மருத்துவக் குழு தருகிற சான்றிதழ் வேறு. இதற்கு ஆன்லைனில் யுடிஐடிக்கான அரசு இணையதளமான ஸ்வாவ்லம்பன் போர்ட்டலில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதாரில் இருப்பது திருநெல்வேலி முகவரி, குழந்தை சிகிச்சை பெறுவது புனேயில், எங்கே போவது என்பது அடிக்கடி வருகிற கேள்வி. விதியில் இரண்டுக்குமே வழி இருக்கிறது: முகவரிச் சான்றில் உள்ள மாவட்டத்திலும் விண்ணப்பிக்கலாம், இந்தக் குறைபாட்டுக்காகக் குழந்தை சிகிச்சை பெறுகிற, அல்லது பெற்ற, அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்கலாம். லீவு கிடைத்து ஊருக்குப் போகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இப்படிக் கிடைத்த அட்டை நாடு முழுக்கச் செல்லும். புது ஸ்டேஷனில் யாராவது 'இது வேற மாநிலத்துக் கார்டு, இங்க புதுசா எடுத்துட்டு வாங்க' என்றால் மரியாதையாக மறுத்துவிடலாம். சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள், அதனால் ஆர்டர் கையில் வந்த அன்றைக்கே காலாவதித் தேதியைப் பார்த்துவிடுங்கள். நடுவழியில் காலாவதியானால் புது ஊரில் வரிசை முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அட்டை வந்தபிறகு பலர் விட்டுவிடுகிற இடம் பார்ட் டூ ஆர்டர், அதாவது குடும்ப விவரங்களை சர்வீஸ் ரெக்கார்டில் ஏற்ற யூனிட் போடுகிற உத்தரவு. குழந்தை பிறந்ததற்கும் கல்யாணத்துக்கும் யூனிட்டில் பார்ட் டூ போடுகிற மாதிரி, குழந்தையின் குறைபாட்டையும் பதிவு செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். யூனிட்டில் எல்லோருக்கும் தெரியும், யூனிட் தலைவரான சிஓ சாபுக்கே தெரியும் என்பது போதாது. மெட்ராஸ் ரெஜிமென்ட்காரருக்கு வெலிங்டனில் இருக்கிற ரெக்கார்டு ஆபீஸில் அந்தத் தாள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி, ஏனென்றால் போஸ்டிங் பிளான் போடுகிறவர் உங்கள் குழந்தையைப் பார்த்ததில்லை, ஏட்டைத்தான் பார்க்கிறார். ஸ்பெஷல் ஸ்கூலும் ஆஸ்பத்திரியும் இருக்கிற பீஸ் ஸ்டேஷனாக, அதாவது குடும்பத்தோடு இருக்கக்கூடிய ஊராகக் கேட்டு விண்ணப்பிக்க முடியும். ஜவான்களும் ஜேசிஓக்களும் (சுபேதார் போன்றவர்கள்) யூனிட் வழியாக ரெக்கார்டு ஆபீஸுக்கும், ஆபீசர்கள் தங்கள் போஸ்டிங்கைக் கவனிக்கிற எம்எஸ் பிராஞ்சுக்கும் அனுப்ப வேண்டும். கேட்டால் கிடைத்தே தீரும் என்று சொல்ல மாட்டேன், படையின் தேவைக்குத்தான் முதலிடம். ஆனால் பதிவே இல்லாமல் கேட்டால் பரிசீலிக்கவே ஆதாரம் இருக்காது.

இங்கே ஒரு பெரிய தவறான நம்பிக்கையைச் சொல்லிவிடுகிறேன். 'மாற்றுத்திறனாளிக் குழந்தை இருந்தால் டிரான்ஸ்ஃபர் கிடையாது, மத்திய அரசு ஆர்டர் இருக்கு' என்று வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் சுற்றும். அது பணியாளர் துறை 2014-ல் போட்டு, 2018 அக்டோபரில் விரிவாக்கிய உத்தரவு. சிவிலியன் மத்திய அரசு ஊழியர்களுக்கானது, வழக்கமான சுழற்சி மாறுதலிலிருந்து, அதுவும் நிர்வாக வசதிக்கு உட்பட்டு, விலக்கு தருகிறது. யூனிஃபார்ம் போட்டவருக்கு அது நேரடியாகப் பொருந்தாது. ஆனால் மனைவி போஸ்ட் ஆபீஸிலோ வருமான வரித் துறையிலோ வேலை பார்த்தால் அவர் அதைக் கேட்கலாம். கணவர் எங்கே போனாலும் குழந்தை ஒரே தெரபிஸ்டிடம் இருக்கட்டும் என்று முடிவெடுக்கிற குடும்பங்களுக்கு அந்த உத்தரவு அம்மாவின் பெயரில்தான் உதவும்.

கணவர் ஃபீல்டு ஏரியாவுக்குப் போனால் குடும்பம் எப்படியும் கூடப் போக முடியாது. அப்போது எஸ்எஃப் குவார்ட்டர்ஸ், அதாவது தனித்திருக்கும் குடும்பங்களுக்கான குடியிருப்பு, கேட்கலாம். பெரும்பாலானவர்கள் மாமனார் ஊருக்குப் பக்கமாக எது என்று பார்த்துக் கேட்கிறார்கள். என் கருத்து, ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கிற ஸ்டேஷனாகக் கேளுங்கள். பாட்டி பார்த்துக்கொள்வார் என்பது பெரிய உதவிதான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் கிராமத்தில் மூன்று வருஷம் தெரபி இல்லாமல் போனால் அதை ஈடுகட்டுவது கஷ்டம்.

அப்புறம் பள்ளிக்கூடம். ராணுவ மனைவியர் நலச் சங்கம், ஆவா என்று சொல்வோமே, அது நடத்துகிற ஆஷா ஸ்கூல்கள் டெல்லி, புனே, பெங்களூரு, செகந்திராபாத் போன்ற பெரிய கன்டோன்மென்ட்களில் இருக்கின்றன. கடற்படைக்கு சங்கல்ப் என்ற பெயரில் மும்பை, விசாகப்பட்டினம், கொச்சியில் உண்டு, விமானப்படைக்கு உமீத். இவை சிறப்புப் பள்ளிகள். நன்றாகப் பேசுகிற, பாடம் படிக்கிற குழந்தையை இங்கேதான் சேர்க்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. உரிமைச் சட்டத்தின் 31-வது பிரிவு 6 முதல் 18 வயது வரை, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள குழந்தைக்கு, பக்கத்துப் பள்ளியோ சிறப்புப் பள்ளியோ, எதை விரும்புகிறார்களோ அதில் இலவசக் கல்வி என்று சொல்கிறது. தேர்வு உங்களுடையது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி குறைபாட்டைக் காரணம் காட்டி அட்மிஷனை மறுக்கக் கூடாது என்பது 16-வது பிரிவு.

மாறுதலில் போகிறவர்களுக்குக் கேந்திரிய வித்யாலயாதான் வசதி, அட்மிஷன் முன்னுரிமையிலும் இடமாற்றத்துக்குரிய மத்திய அரசுப் பணியாளர் பிள்ளைகள் முதல் வரிசையில் இருக்கிறார்கள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு இட ஒதுக்கீடும் கட்டண விலக்கும் உண்டு. ஆனால் வகுப்பில் 40 பிள்ளைகள் இருக்கும் இடத்தில் சத்தம் தாங்காத குழந்தை என்ன செய்யும் என்று யோசியுங்கள், சேர்க்கும் முன்பே ஸ்பெஷல் எஜுகேட்டர் இருக்கிறாரா, எத்தனை நாள் வருகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நேரில் போய் வகுப்பைப் பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

டிசி தாமதமாகிறது என்று வருஷத்தின் நடுவில் குழந்தையை வீட்டில் வைத்திருக்கிறவர்களும் உண்டு. கல்விக்கான உரிமைச் சட்டம், 2009, 5-வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை வேறு மாநிலத்துக்கே போனாலும் அரசு அல்லது உதவிபெறும் பள்ளிக்கு மாற உரிமை உண்டு, பழைய பள்ளித் தலைமை ஆசிரியர் உடனே டிசி தர வேண்டும், டிசி வரவில்லை என்பதற்காகப் புதுப் பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. இந்த மாறுதல் உரிமை உதவிபெறாத தனியார் பள்ளிக்கும் கேந்திரிய வித்யாலயாவுக்கும் பொருந்தாது, அங்கே அவர்கள் விதிதான். பெரிய வகுப்பு என்றால் சிபிஎஸ்இ-யில் ஒவ்வொரு மணி நேரத் தேர்வுக்கும் 20 நிமிஷம் கூடுதல் நேரம், எழுத ஆள் வைத்துக்கொள்வது, ஒரே மொழிப்பாடம் போன்ற சலுகைகள் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

பணம். குழந்தைகள் கல்விப் படி சாதாரணமாக மாதம் 2,812.50 ரூபாய், மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு அதன் இரண்டு மடங்கு, 5,625 ரூபாய். இது 2024 ஜனவரி முதல் உள்ள தொகை. மற்ற பிள்ளைகளைப் போல் இல்லாமல் 22 வயது வரை கேட்கலாம். சாதாரண அளவிலேயே வாங்கிக்கொண்டிருக்கிற ஜவான்கள் இருக்கிறார்கள், கிளார்க்கிடம் யுடிஐடி நகலைக் கொடுத்து மாற்றச் சொன்னாலே போதும்.

தெரபிச் செலவுக்கு மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் தருகிற நிராமயா காப்பீடு இருக்கிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது, புறநோயாளிச் சிகிச்சையும் தெரபியும் அதில் சேரும், கட்டணம் சில நூறு ரூபாய்தான். செலவு செய்துவிட்டுப் பில் கொடுத்துத் திரும்ப வாங்குகிற முறை, எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும் சரி. டிரஸ்ட்டில் பதிவான தொண்டு நிறுவனம் வழியாகச் சேர வேண்டும், ராணுவ மருத்துவ வசதி இருப்பதை விண்ணப்பத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், ஊர் மாறுகிற அலைச்சலில் முதலில் மறந்துபோவது இதுதான்.

கூட வராதவை: தமிழ்நாடு அரசின் மாதப் பராமரிப்புத் தொகை, பஸ் பாஸ் போன்றவை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வாங்கியதைப் பஞ்சாபில் கேட்க முடியாது. குழந்தையும் அம்மாவும் நிரந்தரமாக வெளியே போய்விட்டால் அலுவலகத்தில் தெரிவித்துவிடுவது நல்லது, பிறகு திரும்ப வசூலிக்கிற சங்கடம் வராது.

புது ஊரில் முதல் வாரம் எங்கே போவது? ஆறு வயதுக்குள் என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையில் இருக்கிற டிஇஐசி, அதாவது ஆரம்பநிலை இடையீட்டு மையம். 2013-ல் ஆரம்பித்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வருகிறது, இலவசம். பெரிய பிள்ளைகளுக்கு மத்திய அரசின் சிஆர்சி என்கிற மறுவாழ்வு மையங்கள், ஸ்ரீநகர், குவாஹாத்தி, லக்னோ, போபால், பாட்னா, கோழிக்கோடு என்று படை இருக்கிற பல பகுதிகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. சென்னைக்கு வருகிறவர்களுக்கு முட்டுக்காட்டில் நீப்மெட், செகந்திராபாத்துக்குப் போகிறவர்களுக்கு அங்கே என்ஐஇபிஐடி, இரண்டும் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனங்கள். தனியாரிடம் போனால் ஸ்பெஷல் எஜுகேட்டரும் ஸ்பீச் தெரபிஸ்டும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர்களா என்று எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கன்டோன்மென்ட் வாசலில் போர்டு போட்டு ஆட்டிசத்தைக் குணப்படுத்துகிறேன் என்பவர்கள் எல்லா ஸ்டேஷனிலும் இருக்கிறார்கள்.

புது தெரபிஸ்டுக்கு நூறு பக்க ஃபைல் வேண்டாம், ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். 'குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான், இழுக்க வேண்டாம். தண்ணீர் வேண்டுமென்றால் நம் கையைப் பிடித்து ஃபில்டர் பக்கம் கொண்டுபோவான். தண்ணி, போலாம், வேணாம், இந்த மூன்றும் தமிழில் புரியும்.' இது ரிப்போர்ட்டில் இருக்காது. ஹிந்திக்காரத் தெரபிஸ்ட் வந்ததும் வீட்டிலும் ஹிந்திக்கு மாறச் சொன்னால் அவசரப்படாதீர்கள், இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசக் குழந்தையின் பேச்சு கெடுகிறது என்பதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை. தெரபிஸ்ட்தான் அந்த மூன்று தமிழ்ச் சொற்களைக் கற்றுக்கொள்ளட்டும்.

சர்வீஸ் முடியும்போது ஒரு வேலை பாக்கி. பெற்றோருக்குப் பிறகு, சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. 2021 பிப்ரவரி முதல் வருமான வரம்பும் தளர்த்தப்பட்டு, பிள்ளையின் மொத்த வருமானம் கடைசிச் சம்பளத்தின் 30 சதவீதமும் அதற்கான அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகைக்குள் இருந்தால் தகுதி என்று ஆகியிருக்கிறது. ஓய்வு பெறும்போதே பிபிஓ-வில், அதாவது ஓய்வூதிய ஆணையில், பிள்ளையின் பெயரை ஏற்றக் கேளுங்கள், பிறகு அண்ணனோ தங்கையோ ரெக்கார்டு ஆபீஸுக்கு அலைய வேண்டியிருக்காது. பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் சட்டபூர்வக் காப்பாளர் சான்றிதழுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள், வங்கியில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.